அம்பத்தூர் சர்வருக்கு ஆயுத பூஜை

1

போன வருடம் ஆயுத பூஜையன்று எனக்கு இணைப்பு கிடைக்கவில்லை. இந்த வருடம் முதல் தட்டலிலேயே கிடைத்துவிட்டது. காலையிலிருந்து மனசு சரியில்லை. ஏன் என்று ஊரில் இருக்கும் உங்களிடம்தான் சொல்ல முடியும். இங்கே சொன்னால், கிடைத்ததற்கு எதற்கு வருத்தம் என்று கேட்பார்கள்.

நான் ஆவடிக்காரன். அப்பா படைத்தளவாடத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். தொழிற்சாலை குவார்ட்டர்ஸில் வளர்ந்தேன். இப்போது ஜெர்மனியில், ரைன் நதியை ஒட்டிய ஒரு நடுத்தர ஊரில் இருக்கிறேன். கிடங்குகளுக்கு மென்பொருள் செய்துகொடுக்கும் கம்பெனியில் வேலை. எந்தச் சரக்கு எந்த அடுக்கில் இருக்கிறது, எது எப்போது வெளியே போக வேண்டும் என்று கணக்கு வைக்கும் மென்பொருள். மனைவி கலா மருத்துவமனையில் நர்ஸ். மகள் மித்ரா எட்டாவது படிக்கிறாள்.

கலா விடிவதற்கு முன்பே ஷிஃப்டுக்குப் போய்விடுவாள். நான் காபியோடு உட்கார்ந்து, நிரல் எழுதும் ஐடிஇயைத் திறந்து, அதை ஆப் சர்வரோடு இணைப்பேன். இணைத்துவிட்டால் அங்கே ஓடும் நிரலை இங்கிருந்தே வேண்டிய வரியில் நிறுத்தி, உள்ளே எந்த எண் எங்கே தப்பாகிறது என்று பார்த்துவிட்டு, மறுபடி ஓடவிடலாம். எங்கள் பிழைப்பில் பாதி இதுதான்.

அந்த சர்வர் பல வருடமாக அம்பத்தூர் தொழிற்பேட்டையில், ஒரு லேத் பட்டறையின் மாடியில் இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவன் பழனி, என் பள்ளித் தோழன். ஐந்து பேரை வைத்து அந்த மாடியில் ஆபீஸ் நடத்தினான். எங்கள் கம்பெனி கொடுத்த வேலைதான் அவனுக்குச் சோறு.

எனக்கு அது வேறு விதத்தில் வேண்டியிருந்தது. அப்பா ஓய்வு பெற்று வேப்பம்பட்டில் கட்டிய வீட்டை, அவரும் அம்மாவும் போன பிறகு விற்றுவிட்டோம். அந்தப் பக்கத்தில் எனக்கென்று மிஞ்சிய விலாசம், அந்த மிஷினுடைய நெட்வொர்க் எண் ஒன்றுதான். தினமும் காலையில் நான் தட்டிய கதவு அது. திறந்ததும் பழனியின் குரல் கேட்கும்.

2

“இன்னா மச்சான், கஞ்சி குட்சாச்சா?” என்றுதான் தொடங்குவான். அங்கே பகல் சாப்பாட்டு நேரம் நெருங்கியிருக்கும். பின்னணியில் கீழே பட்டறையில் இரும்பு சீவும் சத்தம்.

ஒருமுறை நிரலை ஒரு வரியில் நிறுத்தி வைத்துவிட்டு, மித்ராவைப் பள்ளியில் விடப் போய்விட்டேன். நான் நிறுத்தினால் அந்த சர்வரே நின்றுவிடும். அதில் வேலை செய்யும் எல்லோருக்கும் திரை அப்படியே உறைந்துபோகும். திரும்பி வந்தபோது போன் துடித்துக்கொண்டிருந்தது.

“டேய், நிறுத்தி வெச்சிகினு எங்கடா போய்ட்ட? இங்க அஞ்சு பேரு கைய கட்டிகினு குந்திகினு கீறோம்.”

“பாப்பாவை ஸ்கூல்ல விடப் போனேண்டா.”

“அதுக்கு அம்பத்தூரையே நிறுத்திட்டா போவ?”

எனக்கு அது பிடித்திருந்தது என்று சொன்னால் சிரிக்காதீர்கள். இங்கே என்னால் எதுவும் நிற்பதும் இல்லை, ஓடுவதும் இல்லை.

என் பேச்சில் ஜெர்மன் சொற்கள் நுழைவதையும் அவன் விடமாட்டான். “கேனாவ்” என்று ஒரு சொல் இவர்களுக்கு. ‘கரெக்ட்’ என்று அர்த்தம். யார் என்ன சொன்னாலும் அதைச் சொல்லிவைப்பார்கள். எனக்கும் ஒட்டிக்கொண்டது. பதில் தெரியாதபோது நேரம் கடத்த நான் சொல்வது அதைத்தான்.

“யார்ரா கேன? நானா?” என்பான் பழனி.

மித்ராவும் பக்கத்தில் வந்து உட்காருவாள். “இன்னா கண்ணு, துன்னியா?” என்று அவன் கேட்க, “துன்னுட்டேன் மாமா, நீ எப்டி கீற?” என்று இவள் பதில் சொல்வாள். வீட்டுக்கு வெளியே அவள் தமிழ் பேசிய ஒரே ஆள் பழனி. சனிக்கிழமைகளில் இங்கே ஒரு தமிழ் வகுப்பு உண்டு. யாழ்ப்பாணத்து ஆசிரியை நடத்துகிறார். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“பிள்ளை ‘ஊடு’, ‘கீது’ எண்டெல்லாம் கதைக்குது. ஆர் இந்தத் தமிழைச் சொல்லிக் குடுத்தது?”

“அம்பத்தூர்ல ஒரு சர்வர் இருக்கு டீச்சர், அங்கே இருந்து வருது,” என்றேன். அவர் சிரிக்கவில்லை.

3

பழனி கொரட்டூர் ஏரிப் பக்கத்துப் பையன். ஆவடிப் பள்ளிக்குத் தினமும் ரயிலில் வருவான். முதல்முறை எங்கள் குவார்ட்டர்ஸுக்கு அவன் வந்த கதை அந்தப் பகுதியில் பிரசித்தம்.

குவார்ட்டர்ஸ் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே ஜன்னல், ஒரே பச்சைக் கதவு, ஒரே சமையலறை மேடை. பிளாக் எண்ணை விட்டால் வேறு அடையாளம் கிடையாது. பழனி எண்ணைப் பார்க்காமல் பின் பிளாக்கில் நுழைந்து, எங்கள் கதவு இருக்க வேண்டிய இடத்தில் இருந்த கதவைத் திறந்து, எங்கள் நாற்காலி இருக்க வேண்டிய இடத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டிருக்கிறான். அந்த வீட்டம்மா தன் மகனின் சிநேகிதன் என்று நினைத்து, தோசை வார்த்துப் போட்டிருக்கிறார். மூன்றாவது தோசையில்தான் இருவருக்கும் சந்தேகம் வந்தது.

இதைக் கேட்டுச் சிரித்த அம்மா, மறுநாளே கொஞ்சம் வெள்ளைப் பெயிண்ட் வாங்கி எங்கள் வாசற்படியில் ஒரு நட்சத்திரக் கோலம் போட்டாள். “இனி அந்தப் பையன் இதைப் பார்த்து வரட்டும்.” அதற்குப் பிறகு அவன் தவறியதில்லை.

அப்பா ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்தோம். விட்டுப்போன குடம் ஒன்றை எடுக்கச் சில நாள் கழித்துப் போனேன். மராமத்து ஆட்கள் வந்துவிட்டிருந்தார்கள். உள்ளே முழுக்கச் சுண்ணாம்பு. கதவுக்குப் புதுப் பச்சை. படியைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, கோலம் இருந்த இடம் தெரியாமல் செய்திருந்தார்கள். யார்மீதும் குறை இல்லை. அடுத்த குடும்பத்துக்கு வீட்டைப் பிளானில் இருக்கிறபடி கொடுக்க வேண்டும் என்பது விதி.

4

சென்ற ஆண்டு கோடையில் என் மேலாளர் பிர்கிட், சர்வரைக் கன்டெய்னருக்கு மாற்றச் சொன்னார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் லாரிகள் இழுத்துப் போவது வேறு. இது கணினிக்குள் கட்டும் ஓர் அறை. அறை எப்படி இருக்க வேண்டும், உள்ளே என்னென்ன வேண்டும் என்று ஒரு ஃபைலில் எழுதிவிட்டால், எந்த மிஷினிலும் அதே அறையை எழுப்பலாம். இறக்கிவிட்டால் உள்ளே கையால் செய்த மாற்றம் எதுவும் மிஞ்சாது. மறுபடி எழுப்பும்போது பிளானில் உள்ளதுதான் வரும்.

“குவார்ட்டர்ஸ் மாரின்னு சொல்லு,” என்றான் பழனி. எனக்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது.

அறையை எழுப்பியாயிற்று. ஆனால் என் ஐடிஇ அதோடு இணையவில்லை. சர்வருக்குப் பின்வாசல் மாதிரி ஒரு போர்ட் உண்டு. அந்த வழியாகத்தான் நான் உள்ளே போய் நிரலை நிறுத்த முடியும். அறையின் பின்வாசல் ஒன்று, மிஷினின் வெளிக்கேட் ஒன்று. இரண்டும் திறந்திருக்க வேண்டும்.

“உள்கதவு தொறந்துதான் கீது. வெளிய கேட்டும் தொறந்துதான் கீது. நீ தட்றதுதான் கேக்கல.”

“தட்டிக்கிட்டேதாண்டா இருக்கேன்.”

“தமிழ்ல தட்டு மச்சான். ஜெர்மன்ல தட்னா எவன் தொறப்பான்?”

கண்டுபிடித்தது கவிதா. தேனிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்து, கொரட்டூரில் ஒரு ஃபிளாட்டில் குடியிருந்தாள். பழனியின் ஐந்து பேரில் கன்டெய்னர் வேலை தெரிந்தவள். “அண்ணா, கதவு திறந்துதான் இருக்கு. ஆனா உள்ள இருந்து தட்டினாத்தான் காது குடுக்குது. வெளியாளுங்க தட்டினா எடுத்துக்கிறதில்ல. போர்ட் நம்பருக்கு முன்னாடி ஒரு ஸ்டார் போடுங்க. அப்ப யார் தட்டினாலும் எடுத்துக்கும்.”

கட்டளை வழியாக அறைக்குள் போய், சர்வர் கிளம்பும் வரியில் அந்த நட்சத்திரக் குறியைக் கையாலேயே போட்டேன். நிறுத்திக் கிளப்பினார்கள். திரையின் அடியில் ‘இணைக்கப்பட்டது’ என்று பச்சை எழுத்து வந்தது.

“உங்கம்மா படியில போட்ட கோலம்டா,” என்றான் பழனி. அவன் மறந்திருப்பான் என்று நினைத்திருந்தேன்.

“இதை ஃபைல்லயும் எழுதி வெச்சிரணும்ணா,” என்றாள் கவிதா.

“ஓட்ற வண்டிய நோண்டாத கவிதா,” என்றான் அவன்.

இன்னொன்றும் குறித்துவைக்க வேண்டும். நாள் நேரம் குறிப்பது என் பழக்கம். பழனி எனக்கு ‘பஞ்சாங்கம்’ என்று பெயரே வைத்திருந்தான். அந்த அறைக்குள் கடிகாரம் கிரீன்விச் நேரத்தில் ஓடியது. அம்பத்தூர் நேரமும் அல்ல, எங்கள் ஊர் நேரமும் அல்ல. அங்கே பதிவான எந்த நிகழ்ச்சியும் எங்கள் இருவருடைய நாளிலும் நடக்கவில்லை. சரிசெய்யச் சொல்ல நினைத்து, சொல்லாமல் விட்டேன். இங்கே வந்த நாளிலிருந்து நானும் கிட்டத்தட்ட அந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறேன்.

5

புரட்டாசி போய்க்கொண்டிருந்தது. ஒரு காலை தட்டினேன், திறக்கவில்லை. மறுபடி தட்டினேன். மிஷினே பதில் சொல்லவில்லை. அம்பத்தூரில் கரண்ட் கட் என்று நினைத்துக் கூப்பிட்டேன்.

“ஆவாது மச்சான். இன்னிக்கு ஆவாது,” என்றான் பழனி. “ஊர் மறந்துபோச்சா உனக்கு? இன்னிக்கு இன்னா நாளு?”

பஞ்சாங்கம் என்று பெயர் எடுத்தவன் ஆயுத பூஜையை மறந்திருந்தேன். அவன் வீடியோவில் காட்டினான். சர்வருக்குச் சந்தனம், குங்குமம். மேலே சாமந்திச் சரம். கீபோர்டுகளை அடுக்கி அவற்றுக்கும் பொட்டு. முன்னால் பொரி, கடலை, சுண்டல். ஏணியில் இறங்கிப் பட்டறையையும் காட்டினான். லேத்துகளில் வாழைக்கன்று கட்டி, எண்ணெய் துடைத்து, ஒன்றுகூட ஓடவில்லை. அந்தத் தெருவில் அவ்வளவு அமைதியை நான் கேட்டதே இல்லை.

“பிளக்கையே புடுங்கிட்டேன்,” என்றான். “வருசம் முழுக்க ஓடுது. ஒரு நாளாச்சும் தூங்கட்டும். நாளைக்கு நல்ல நேரம் பாத்து எய்ப்பிக்கலாம்.”

மித்ரா எட்டிப் பார்த்து, “மாமா, கம்ப்யூட்டர் பொட்டு வெச்சிகினு கீது!” என்று கத்தினாள். அவன் பொரியை அள்ளி கேமராவின் முன் நீட்டினான். அவளும் வாயைத் திறந்து காட்டினாள்.

மறுநாள் விஜயதசமி. பிர்கிட்டுக்கு அந்த இணைப்பைக் காட்டுவதாகச் சொல்லியிருந்தேன். ஆபீஸில் அவர் என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தட்டினேன். மிஷின் விழித்திருந்தது, அறை எழும்பியிருந்தது, பின்வாசல் மட்டும் காது கொடுக்கவில்லை.

போனில் கவிதாவின் குரல் தாழ்ந்திருந்தது. “அண்ணா, நான் ஸ்டாப் மட்டும்தான் குடுக்கலாம்னு இருந்தேன். பழனி சார்தான், ‘பூஜைன்னா முழு ரெஸ்டு, அறையையே இறக்கு’ன்னாரு. திரும்ப எழுப்பினா புது அறை. உங்க ஸ்டார் இல்ல.”

சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். பிர்கிட்டிடம் என்ன நடந்தது என்று விளக்கப் பார்த்தேன். மிஷினுக்கு ஓய்வு நாள் என்றேன். அவர் மரியாதையாகத் தலையாட்டி, திங்கட்கிழமை பார்க்கலாம் என்று எழுந்துபோனார்.

6

அந்த வாரக் கடைசியில் மூன்று பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஃபைலில் எழுதினோம். நட்சத்திரம், பின்வாசல், வெளிக்கேட், சர்வர் கிளம்பும் வரி, எங்கள் மென்பொருள், சோதனைக்கான சரக்குப் பட்டியல் வரை. கவிதா வரி வரியாகப் படித்தாள். பத்து முறை இறக்கினாலும் அதே அறை எழும்பியது. இவ்வளவு சுத்தமாக நாங்கள் ஒரு வேலையைச் செய்ததே இல்லை.

“இனிமே வர்ற எல்லா பூஜைக்கும் தூங்கலாம்,” என்றான் பழனி.

திங்கட்கிழமை பிர்கிட் என் மேஜைக்கு வரவில்லை. ஃபைலை அனுப்பச் சொன்னார். தன் மடிக்கணினியில் அதை எழுப்பி, தன் ஐடிஇயை இணைத்தார். முதல் முறையே பச்சை எழுத்து வந்தது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அதே ஜன்னல், அதே கதவு, படியில் அதே நட்சத்திரம். ஆனால் அது பின் பிளாக். அதில் பழனி இல்லை.

“மிக நன்று,” என்றார். “இனி ஒவ்வொருவரும் தங்கள் கணினியிலேயே வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் இந்தியாவில் இருக்கும் மிஷின் எதற்கு?”

ஆளில்லாத அறையில் விளக்கு ஏன் எரிகிறது என்று கேட்பது போலக் கேட்டார். கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அங்கே பழனி இருக்கிறான் என்பது அந்தக் கேள்விக்குப் பதில் அல்ல. அங்கே ஐந்து குடும்பம் இருக்கிறது என்பதும் அல்ல. சரியான ஜெர்மன் வாக்கியம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தபோது, பழக்கதோஷத்தில் என் வாயிலிருந்து விழுந்தது:

“கேனாவ்.”

நான் வாயைத் திறக்காவிட்டாலும் முடிவு அதுவாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நான் ஒப்புக்கொண்டதாக அவர் எழுதிக்கொண்டார்.

பழனியிடம் நானே சொன்னேன். பின்னணியில் லேத் ஓடிக்கொண்டிருந்தது.

“நீ இன்னா சொன்ன அந்தம்மாகிட்ட?”

“கேனாவ்னேன்.”

“கரீட்டாத்தான் சொல்லிகிற,” என்று சிரித்தான். “நாம ரெண்டு பேரும் அதான்.”

7

மாதக் கடைசியில் அம்பத்தூர் மிஷினை நிறுத்த உத்தரவு வந்தது. பழனிக்கும் அவன் ஆட்களுக்கும் இருந்த அனுமதிகளை நீக்கும் வேலை எனக்குத் தரப்பட்டது. ஒவ்வொரு பெயருக்கும் நேராக, காரணம் என்ன என்று அந்தப் படிவம் கேட்டது. பணி ஓய்வு, பணி விலகல், மரணம், பிற. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் அடுத்த பக்கம் திறக்காது. ஆறு பேருக்கும் ‘பிற’ என்று போட்டேன். பழனிக்குப் போடும்போது மட்டும், விரல் சிறிது நேரம் மேலும் கீழும் போய்வந்தது.

இந்த நாட்டில் எதற்கும் ஒரு பட்டியல் இருக்கிறது. நம்முடையது எப்போதும் ‘பிற’வில்தான் இருக்கிறது.

கடைசி நாள் அவன்தான் கூப்பிட்டான். “கட் பண்ணிடவா மச்சான்?” என்றான். “பண்ணு,” என்றேன். பச்சை எழுத்து சிவப்பானது.

கவிதா பழைய மாமல்லபுரம் சாலையில் ஒரு பெரிய கம்பெனிக்குப் போய்விட்டாள். கொரட்டூரிலிருந்து தினமும் ஊரின் அந்தக் கோடிக்குப் பயணம். மற்றவர்களும் ஆளுக்கொரு பக்கம். பழனிக்கு அவன் வயதில் யாரும் வேலை தரவில்லை. பல மாதம் அலைந்து, வானகரத்தில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் மேற்பார்வையாளனாகச் சேர்ந்தான். லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் அவன் பொறுப்பு.

முதலில் வாரம் ஒருமுறை பேசினோம். வேலை இருந்தபோது பேசுவதற்குக் காரணம் தேட வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் தேவைப்பட்டது. தீபாவளிக்குப் பேசினோம், பொங்கலுக்குப் பேசினோம்.

“பழனி மாமா ஏன் வர்றதில்ல?” என்று மித்ரா இரண்டு மூன்று முறை கேட்டாள். நீயே கூப்பிடேன் என்றேன். கூப்பிட்டு என்ன சொல்வது என்றாள். சனிக்கிழமை வகுப்பை நிறுத்திவிட்டாள். அங்கே பேசுவது தன் தமிழ் இல்லை என்றாள். இப்போது நான் தமிழில் கேட்பது அவளுக்குப் புரிகிறது. பதில் ஜெர்மனில் வருகிறது. ‘எப்டி கீற’ என்று அவள் கேட்டுப் பல மாதமாகிறது. அந்தச் சொற்களை யார் இறக்கினார்கள், எப்போது இறக்கினார்கள் என்று நாள் குறிக்க என்னாலும் முடியவில்லை.

8

இன்று ஆயுத பூஜை. இந்த முறை மறக்கவில்லை. கலா ஷிஃப்டுக்குப் போகும் முன் சமையலறை அலமாரியில் விளக்கேற்றிவிட்டுப் போயிருந்தாள். மடிக்கணினியின் ஓரத்தில் சின்னதாகக் குங்குமம் வைத்தேன். பிறகு அதைத் திறந்தேன். மதியத்துக்குள் பிர்கிட்டுக்கு ஒரு திருத்தம் அனுப்ப வேண்டும். இங்கே இது சாதாரண வேலைநாள். அறை என் மேஜையிலேயே எழும்பியது. தட்டினேன். என் கதவை நானே தட்டி, நானே திறந்தேன். பச்சை எழுத்து.

போன வருடம் இந்த நேரத்தில் திறக்காத கதவுக்குப் பின்னால் சாமந்தியும் பொரியும் இருந்தன. பழனியைக் கூப்பிட்டேன்.

“சொல்லு பஞ்சாங்கம்! பரவால்ல, இந்த வருசம் நாபகம் கீதே.”

“பூஜை ஆச்சாடா?”

“ஆச்சு. மோட்டார், ஜெனரேட்டர் அல்லாத்துக்கும் பொட்டு வெச்சேன். லிஃப்டுக்கு மால போட்டு ஒரு மணி நேரம் நிறுத்தலாம்னு பாத்தேன். அசோசியேசன்ல அட்ச்சிக்க வராங்கடா. ‘மேல எப்டிப்பா ஏறிப் போறது, உங்க ஊட்டுத் தாத்தாவா தூக்கினு போவாரு’ன்னு ஒரு அம்மா கேக்குது. மாலயோட மேலயும் கீயயும் போய்கினு கீது லிஃப்டு.” சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. “எதையும் தூங்க வுட மாட்றானுங்க மச்சான்.”

மடிக்கணினியின் ஓரத்தில் வைத்த குங்குமத்தை விரலால் தொட்டேன்.

“உன்னுதாச்சும் தூங்குதா? நிறுத்திட்டியா?”

திரையைப் பார்த்தேன். நிரல் ஒவ்வொரு வரியாக ஓடிக்கொண்டிருந்தது.

“நிறுத்திட்டேண்டா,” என்றேன். “பிளக்கையே புடுங்கிட்டேன்.”

இலையுதிர்கால விடுமுறை என்பதால் மித்ரா எதிரில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள். தமிழ் அவளுக்கு இன்னும் புரியும் என்று சொன்னேனே. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள், ஜெர்மனில் சொன்னாள்: “ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, அப்பா.”

“பாப்பா கொரலா அது? இன்னா சொல்லுது?”

“சாமி கும்பிட்டாச்சான்னு கேக்குறா.”

“நல்லா இருக்கட்டும்,” என்றான் பழனி. “தூங்கட்டும் வுடு மச்சான். நாளைக்கு எய்ப்பிக்கலாம்.”